வேனுக்குள் ஒரு பிரபு

எனக்குப் பொறுமை கிடையாது. சோறு வெந்துவிட்டதா என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தே அதை வேகவிடாமல் செய்கிறவள் என்று அம்மா சொல்வார். அப்படிப்பட்ட என் கையில் போய் ஒரு காதல் நாவல் சிக்கியது. இருநூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்து. பெரிய மாளிகையில் ஒரு பிரபு. அப்பா செத்துப்போய், சீதனத்துக்கும் வழியில்லாமல் நிற்கும் ஒரு பெண். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது என்று படிக்கிற நமக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது. அவர்களுக்கு மட்டும் தெரியவில்லை. சேர்ந்து நடனமாடுகிறார்கள், மழைக்கு ஒரே மரத்தடியில் ஒதுங்குகிறார்கள், ஆனால் வாயைத் திறக்கமாட்டார்கள். வாயில் என்ன கொழுக்கட்டையா?

ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை. என்னோடு வேலை செய்யும் விஷாலினியின் அக்கா புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்து அறையைக் காலி செய்தபோது குப்பைக்குப் போகவிருந்த புத்தகம் அது. மேலட்டையில் சட்டைப் பொத்தான் போடாத ஒருவன் நின்றான். அம்மா கண்ணில் பட்டால் வம்பு என்று நாள்காட்டித் தாளில் அட்டை போட்டேன். முருகன் படம் வெளிப்பக்கம் வந்துவிட்டது. நான் கந்த சஷ்டி கவசம் படிப்பதாக நினைத்து அம்மா அடுப்படி வேலையைத் தானே பார்த்தார். உள்ளே பிரபு அந்தப் பெண்ணின் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்தை நான் மூன்று தடவை படித்தேன். காது வரைக்கும் சூடேறியது. முப்பத்தாறு வயதில் இப்படி ஒரு சுகமா என்று எனக்கே சிரிப்பு வந்தது.

நாங்கள் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ராவாங்கில் இருக்கும் கையுறைத் தொழிற்சாலைக்குக் கம்பெனி வேனில் போகிறவர்கள். எல்லாரும் பெண்கள். வயதில் மூத்தவர் வேலம்மா, என் பக்கத்து வீடு. இளையவள் விஷாலினி. படித்ததை மனசுக்குள் வைத்திருக்கவும் எனக்குப் பொறுமை கிடையாது என்பதால், காலையில் வேன் கிளம்பியதும் முந்தின நாள் படித்த கதையைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். கையுறை கழற்றிய இடத்தைச் சொன்னதும் விஷாலினி பெருமூச்சு விட்டாள்.

"நம்பளும் தெனம் பெட்டி பெட்டியா கிளவுஸ் அடுக்குறோம். ஒருத்தன் வந்து ஒரு வெரலக் கழட்டலையேக்கா!"

வேன் குலுங்கிச் சிரித்தது.

முதல் நாளே ஒரு தப்புச் செய்துவிட்டேன். பிரபு என்ற சொல் உடனே நாக்கில் வரவில்லை. வெள்ளைக்காரன், பங்களா, குதிரை, ஏவலுக்கு ஆள் என்றால் எங்கள் வாயில் வருகிற சொல் ஒன்றுதான். தொரை என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், வேலம்மாவின் முகம் சுருங்கியது. அவர் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அம்மா தொரை பங்களாவில் துணி துவைத்தவர்.

"தொரையாவது, காதலாவது! தொரைங்க பொண்ணைக் கேக்கவா செய்வாங்க? ஆள் விட்டுக் கூப்புடுவாங்க. நீ வேற."

"இவரு நல்லவரு, வேலம்மாக்கா."

"அந்தப் புள்ளைய ஓடிப்போகச் சொல்லு."

அந்த மனுஷனின் பெயரைக் காப்பாற்ற எனக்கு ஒரு வாரம் பிடித்தது. பிரபு என்று மாற்றினேன். குத்தகைக்காரனுக்கு வாடகையைத் தள்ளுபடி செய்த கதையைச் சொன்னேன். அப்போதும் வேலம்மா, "பாக்கலாம். வாயத் தொறந்து அவனா கேக்கட்டும். அப்ப நம்பறேன்" என்றார்.

வேன் ஓட்டுகிறவர் சுகுமாறன். அவரைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன்: எனக்கு அவரைப் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். மனைவி இறந்து பல வருடமாகிறது, பிள்ளை இல்லை. அதிகம் பேசமாட்டார். நான் கதையைத் தொடங்கினால் வானொலியைக் குறைப்பார். ஒருநாள் பிரபு குதிரையிலிருந்து விழுந்த இடத்தைச் சொல்லும்போது அவர் ராவாங் சந்திப்பில் திரும்பாமலே போய்விட்டார். நாங்கள் எல்லாரும் தாமதமாகப் போய்ச் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

அந்த நாவலில் ஒரு பெண்ணும் ஆணும் தனியாக நிற்க முடியாது. மூலையில் ஓர் அத்தை தையலோடு உட்கார்ந்திருப்பாள். எங்கள் வேனில் வேன் நிறைய அத்தைகள். நானும் அவரும் பேசியதெல்லாம் பின்பார்வைக் கண்ணாடியில் கண்ணால் பேசியதுதான். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் நான் கெட்டியாக இருந்தேன். வேலம்மா அவரைத் தம்பி என்பார். மற்றவர்கள் அண்ணே என்பார்கள். நான் எதுவும் சொல்லி அழைத்ததில்லை. "இங்க நிறுத்துங்க", "கதவு சாத்தல பாருங்க" என்று மொட்டையாகவே இவ்வளவு காலம் ஓட்டினேன். அண்ணே என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், கதை அங்கேயே முடிந்தது. இது அவருக்கும் தெரியும், வேன் முழுவதற்கும் தெரியும்.

அப்படி இருந்தவர் ஒரு சாயங்காலம் பெட்ரோல் போடும்போது சொன்னார், "மாசக் கடைசியோட நான் நின்னுக்கிறேன். தெற்கே ஜொகூர்ல பஸ் வேலை கெடைச்சிருக்கு."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் பேசவில்லை. எங்கள் வீட்டுப் பக்கம் வேலம்மாவும் நானும் இறங்கும்போது சுகுமாறன் கண்ணாடியைப் பார்த்தபடி, "நீங்க ஒண்ணுமே சொல்லலையே" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நான் என்ன சொல்ல வேண்டும்? சொல்ல வேண்டியவர் யார்?

"நான் சொல்றதுக்கு என்னா இருக்கு? நல்லபடியா போய்ட்டு வாங்க, அண்ணே."

கண்ணாடியில் அவர் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். "சரிங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

வேலம்மா வாசலிலேயே என் தோளைப் பிடித்து உலுக்கினார். "அடி பாவி, என்னா வார்த்தைடி அது? கொட்டுனத அள்ளவா முடியும்?"

அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் வானொலி குறையவில்லை, அவர் கண்ணாடிப் பக்கமே பார்க்கவில்லை. வேலையில் இடது கைப் பெட்டியில் வலது கை உறைகளை அடுக்கி ஏச்சு வாங்கினேன். புத்தகமாவது ஆறுதலா என்றால் அதுவும் இல்லை. நான் விட்ட இடத்தில் பிரபு எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு லண்டனுக்குக் கோச்சு வண்டி ஏறுகிறான். அந்தப் பெண் சன்னலோரம் நின்று பார்க்கிறாள். அடுத்த பக்கத்தைத் திருப்ப எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவன் கேட்காமல் போய்விட்டால் என்னால் தாங்க முடியாது. கேட்டுவிட்டாலும் தாங்க முடியாது போலிருந்தது. புத்தகத்தை அரிசி கொட்டிவைக்கும் தோம்புக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன். கை கழுவிவிட்டுப் போய் எடுப்பேன். மறுபடி வைப்பேன். பொறுமையில்லாத நான், இன்னும் கொஞ்சம் பக்கங்களே மீதியிருக்கும் ஒரு கதையைப் படிக்காமல் தவித்தேன். வேனில் கேட்டவர்களுக்குத் தலைவலி, கண்வலி என்று சாக்குச் சொல்லி நாளைக் கடத்தினேன்.

அவருடைய கடைசி நாள் வந்தது. வேலை முடிந்து திரும்பும்போது பத்து ஆராங் ஊரைத் தாண்டி, எண்ணெய் ஆலைக்குப் போகும் ஒரு செம்பனைப் பழக்குலை லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். வேன் ஊர்ந்தது.

"கதைய முடி புள்ள" என்றார் வேலம்மா. "திங்கக்கெழம புது டிரைவரு. அவன் முன்னாடி கிளவுஸ் கழட்டுற கதையெல்லாம் சொல்ல முடியாது லா. தம்பி, அந்த ரேடியாவ நிறுத்து."

வானொலி நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். படிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். என் வாய் வேறு எதையோ சொன்னது.

"அவரு வண்டி ஏறிட்டாரு. ஏன் தெரியுமா? அதுக்கு மொத நாள் அவ கோவத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டா. நீங்க எனக்குக் கூடப்பொறந்தவரு மாதிரின்னு."

"ஐயோ! எப்பக்கா சொன்னா? நீங்க சொல்லவே இல்லையே" என்றாள் விஷாலினி.

"மறந்துட்டேன் லா, கேளு. அது மனசுலேர்ந்து வந்த வார்த்தை இல்ல. போகாதீங்கன்னு சொல்ல வந்தா. அதச் சொல்ல ரோஷம் விடல. அதனால அந்த வார்த்தையச் சொல்லிட்டா. சொன்னதுலேர்ந்து சோறு எறங்கல அவளுக்கு. கடைசில மழையில ஓடி வந்து வண்டிய மறிச்சு, நான் சொன்னதத் திருப்பி எடுத்துக்கிறேன்னு..." அதற்கு மேல் வரவில்லை.

"அதுக்கு அவன் என்னா சொன்னான்?" என்றார் வேலம்மா, மெதுவாக.

"தெரியல."

வேன் ஓரமாகப் போய் நின்றது. சுகுமாறன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "புக்குல அப்படி இல்லையே" என்றார்.

"நீங்க எப்படிண்ணே...?" என்று விஷாலினிதான் கேட்டாள்.

"மொத நாளு அவங்க புக்கு பேரு சொன்னாங்க. போன்ல வாங்கிட்டேன். அடுத்த நாள் காலை வரைக்கும் என்னால காத்துக்கிட்டு இருக்க முடியல. ஒங்கள எறக்கி விட்டுட்டு ஃபேக்டரி வாசல்ல உக்காந்து, புரியாத வார்த்தைக்கு அர்த்தம் தேடித் தேடிப் படிச்சேன். முழுசும் படிச்சிட்டேன்." கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு அந்த வார்த்தைய எங்கயுமே சொல்லல. அது நீங்க சொன்னது."

"ஆமா, நான்தான் சொன்னேன்."

"கோவத்துலயா?"

"பின்ன சந்தோஷத்துலயா சொல்வாங்க? இத்தன நாளு கண்ணாடியப் பாத்துப் பாத்து ஓட்டிட்டு, திடீர்னு ஜொகூர் போறேன்னா?"

"நீங்க போகாதீங்கன்னு சொல்வீங்கன்னுதான் அன்னைக்கு எல்லாருக்கும் முன்னால சொன்னேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வேலம்மா கையைத் தட்டினார். "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்கடி!"

வேன் நிறைய பெண்கள் சன்னல் பக்கம் திரும்பி, பிறந்ததிலிருந்து செம்பனை மரத்தையே பார்த்திராதவர்கள் மாதிரி அதைப் பார்த்தார்கள்.

சுகுமாறன் கண்ணாடியை விட்டுவிட்டு, உடம்பைத் திருப்பி நேராக என்னைப் பார்த்தார். "திருப்பி எடுத்துக்கிட்டீங்களா?"

"எடுத்துக்கிட்டேன்."

"அப்ப, என்னைக் கட்டிக்கிறீங்களா? ஜொகூர்காரங்களுக்கு இப்பவே போன் பண்ணி வரலன்னு சொல்லிடறேன்."

"கட்டிக்கிறேன்" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னதால் அது அழகாக வரவில்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது. அந்த மனுஷன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"கடைசில அந்தப் பிரபுவும் இப்படித்தான்..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லாதீங்க சுகுமாறன்! நான் இன்னும் படிக்கல!"

அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போது வேனில் ஒருவர்கூடச் செம்பனையைப் பார்க்கவில்லை.