பேருந்து திரும்பும் இடம்

புதன்கிழமை காலை தெருக்கோடிக்குப் போனதும் ஓட்டுநர் சட்டென்று பிரேக்கை மிதித்தார். முந்தின நாள் வரை அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்த வெற்றிடத்தைச் சுற்றிக் கல் நட்டு முள்கம்பி கட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு பலகை: ‘தோட்ட வீடுகள். நான்கு மனைகள் மட்டுமே. மூன்று விற்றுப்போய்விட்டன.’

“அண்ணே, நாம திரும்புற இடத்தை வித்துட்டாங்க” என்றாள் நடத்துநர் பெண், எட்டிப் பார்த்து. “நம்மளையும் சேர்த்து வித்துட்டாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.”

யாரும் சிரிக்கவில்லை. நிறுத்தத்தில் டைப்பிஸ்ட் அம்மா துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். நீதிமன்றத்தில் முப்பது வருஷம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். வாரத்தில் மூன்று நாள், காலை எட்டு மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்கு டயாலிசிஸ். எட்டு மணி தவறினால் அந்தப் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும். இத்தனை தள்ளி வந்து அவர் வீடு வாங்கியதே, விளம்பரத் தாளில் ‘தெருவுக்குள்ளேயே பேருந்து’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நம்பித்தான். பெரிய சாலைக்கு அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். போகும்போது உட்கார்ந்து உட்கார்ந்து நடந்துவிடலாம். நாலு மணி நேரம் ரத்தத்தை வடிகட்டி அனுப்பிய பிறகு, திரும்பி வருகையில் இருபது அடி வைப்பதற்குள் அவருக்குக் கண் இருட்டிவிடும்.

“ஏறுங்கம்மா. அதெல்லாம் பார்த்துக்கலாம்” என்றார் ஓட்டுநர்.

பின்னாலேயே போவதைத் தவிர வழியில்லை. நடத்துநர் பெண் இறங்கி, வண்டிக்குப் பின்னால் விசிலை ஊதிக்கொண்டே நடந்தாள். முதல் பத்தடியிலேயே கடைசி வீட்டு வாசலில், துடைக்க வெளியே எடுத்து நிறுத்தியிருந்த காரின் பக்கக் கண்ணாடி ‘டப்’பென்று தெறித்தது. வீட்டிலிருந்து கையில் ஈரத் துணியோடு வெளியே வந்தவரைப் பார்த்ததும் அவள் விசில் தானாக நின்றது. வண்டிப் புகைக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று, டயரில் ஒட்டி வரும் சேற்றுக்கு ஒன்று என்று பணிமனைக்குப் பதினோரு கடிதம் எழுதியவர் அவர். ‘புகார் சார்’ என்று அவருக்குப் பெயர் வைத்ததே அவள்தான்.

“எழுதறேன்” என்றார் அவர். குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார்.

சொன்னபடி எழுதிவிட்டார். வெள்ளிக்கிழமையே பணிமனை மேலாளர் ஓட்டுநரைக் கூப்பிட்டார்.

“வீடு இருக்கிற தெருவுல முக்கால் கிலோமீட்டர் ரிவர்ஸ் எடுக்கிறியா? கைப்பட எழுதிக் குடுத்திருக்கார்யா ஒருத்தர். திங்கக்கிழமையிலேருந்து மெயின் ரோட்டோட திரும்பிடு.”

“சார், டயாலிசிஸுக்குப் போற ஒரு அம்மா இருக்காங்க. வீட்டு வேலைக்கு வர்றவங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்கன்னு முப்பது பேருக்குக் குறையாம ஏறுறாங்க.”

“திரும்ப இடம் காட்டு, உள்ள போ. யாரு வேணாங்கறா? வானத்துலயா திருப்புவே?”

அதுவும் நியாயம்தான். ஆகவே சனிக்கிழமை வேலை முடிந்ததும் ஓட்டுநர் காக்கிச் சட்டையோடு வீட்டுமனைக் கம்பெனியின் விற்பனை அலுவலகத்துக்குப் போனார். உள்ளே குளிர்ந்தது. நடு மேஜையில் கண்ணாடிப் பெட்டிக்குள் குடியிருப்பு முழுவதையும் பொம்மையாகச் செய்து வைத்திருந்தார்கள். சாக்லேட் அளவு வீடுகள், பஞ்சில் செய்த மரங்கள். தெருக்கோடியில் ஒரு வட்டம். அதில் நகத்தளவு நீல நிறப் பேருந்து ஒன்றை ஒட்டியிருந்தார்கள்.

“இதோ இருக்கே தம்பி, வட்டம்” என்றார் ஓட்டுநர், கண்ணாடியில் விரலை வைத்து.

கழுத்தில் டை கட்டிய விற்பனை அதிகாரி சிரித்தார். “அது அழகுக்குங்க. கீழே சின்ன எழுத்துல போட்டிருக்கோம் பாருங்க, மாற்றத்துக்கு உட்பட்டதுன்னு.”

“அந்த அழகை நம்பி ஜனங்க குடி வந்துட்டாங்களே.”

“சார், இங்க வீடு வாங்கறவங்க எல்லார்கிட்டயும் கார் இருக்கு.”

“இல்லாதவங்க?”

“வாங்கிப்பாங்க.”

ஓட்டுநர் சாதுவான மனிதர். வண்டியை எடுக்குமுன் ஸ்டியரிங்மேல் இரண்டு கையையும் வைத்து, யாருக்கும் என்னால் காயம் வரக்கூடாது என்று ஒரு நிமிஷம் கண்ணை மூடுவார். அன்று வெளியே வந்தபோது அவருக்குக் காது மடல் சுட்டது. வாங்கிப்பாங்களாம்! அறுநூறு வீடு கட்டியிருக்கிறார்கள், ஒரு மளிகைக் கடைக்கு இடம் விடவில்லை. தீப்பெட்டி தீர்ந்தால் காரை எடுக்க வேண்டும். நடந்து போகலாம் என்றால் ஓரமாக நடக்க ஒரு முழம் பாதை கிடையாது. மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த கால்வாயைத் தூர்த்துத் தெரு போட்டார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் அதே வழியைத் தேடி வீட்டுக் கூடத்துக்குள் வந்து நிற்கிறது. காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு ஒன்றாகக் கார்கள் கிளம்பி, ஒவ்வொன்றிலும் ஒற்றை ஆள் உட்கார்ந்து, பெரிய சாலையில் ஒரு மணி நேரம் புகை கக்கிக்கொண்டு நிற்கின்றன. அதற்குள் இந்தக் கம்பெனி இன்னும் நாலு கிலோமீட்டர் தள்ளி அடுத்த வயலில் கொடி நட்டுவிட்டது. கடவுள் கொடுத்த மண்ணைக் கூறுபோட்டு விற்கிறவர்களுக்கு, காலுள்ள மனிதர்கள் அதில் நடமாடுவார்கள் என்கிற நினைப்பு ஒருநாளாவது வந்திருக்குமா?

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுப்பு. சேதியைப் பேருந்து வராத தெருவில் நின்று அந்த அம்மா தெரிந்துகொள்ளக் கூடாது என்று, நேரில் சொல்லச் சைக்கிளில் வந்தார். தெருக்கோடியில் புகார் சார் கார் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன டிரைவர், இன்னிக்கு லீவா?”

அடக்கி வைத்திருந்தது உடைந்துவிட்டது. “நாளையிலேருந்து எல்லா நாளும் லீவுதான் சார். உங்க லெட்டர் வேலை செஞ்சிடுச்சு. பஸ் உள்ள வராது. இனிமே காரைத் தொடச்சா தொடச்ச மாதிரியே இருக்கும்.”

புகார் சார் துணியைக் கீழே போட்டார். “பஸ்ஸை நிறுத்தச் சொல்லி நான் எங்கய்யா எழுதினேன்?” உள்ளே ஓடிப்போய் நகலைக் கொண்டுவந்தார். நாலு பக்கம். மூன்றாவது பக்கத்தின் அடியில், கம்பெனி அபகரித்த வட்டத்தைப் பேருந்துக்கே மீட்டுத் தர வேண்டும் என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்.

“முதல் பக்கத்துல கண்ணாடி உடைஞ்சதை எழுதியிருக்கீங்க. அதோட மூடியிருப்பாங்க” என்றார் ஓட்டுநர். “அந்த டைப்பிஸ்ட் அம்மா நாளைக்கு எப்படிப் போவாங்கன்னு சொல்லுங்க.”

புகார் சார் தன் மதில் சுவரையும், தெருவையும், மறுபடி சுவரையும் பார்த்தார்.

“உன் வண்டி எத்தனை அடி?”

“முப்பத்தாறு.”

“தெரு முப்பது. என் முற்றம் இருபது. மூக்கை உள்ள விட்டு, பின்னால எடுத்து, ரெண்டு தடவையில திரும்பிடுவியா?”

ஓட்டுநர் மனசுக்குள் ஸ்டியரிங்கை ஒடித்துப் பார்த்தார். “மூணு தடவை. ஆனா சுவரும் கேட்டும் இருக்கக் கூடாது. உங்க ரோஜாச் செடியும் போயிடும். காரும் தள்ளித் தெருவுலதான் நிக்கணும்.”

“நிக்கட்டும். வெயில்ல நின்னா தலைவலியா வரப்போகுது அதுக்கு?” சற்றுத் தயங்கி, குரல் இறங்கிச் சொன்னார்: “அந்தம்மா வழியில எங்கெங்க உட்காருவாங்கன்னு எனக்குத் தெரியும்யா. பஸ் வராத அன்னிக்கு ஜன்னல் வழியா பார்த்திருக்கேன். பார்த்துட்டு உள்ளதான் இருந்தேன்.”

எதிர்வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கொத்தனாரிடம் சம்மட்டி வாங்கி வந்து முதல் அடியை அவரே அடித்தார். செங்கல்லில் கீறல்கூட விழவில்லை. கொத்தனார், “சார், நீங்க லெட்டர் எழுதுங்க, இதை நான் பார்த்துக்கறேன்” என்று சம்மட்டியைப் பிடுங்கிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் சுவர் இருந்த இடம் மட்டமாகிவிட்டது. டைப்பிஸ்ட் அம்மா ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தன் முற்றத்தில் பேருந்து திரும்பலாம் என்று புகார் சார் அன்று ராத்திரியே பணிமனைக்கு எழுதிக் கொடுத்தார். ஒரே வரி. மேலாளர் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா?” என்று ஆச்சரியத்தோடு கையெழுத்துப் போட்டார்.

திங்களும் புதனும் அந்த அம்மா எட்டு மணிக்குள் படுக்கையில் இருந்தார். வெள்ளிக்கிழமை காலை, வண்டியின் மூக்கை முற்றத்துக்குள் விட்டபோது, விற்பனை அதிகாரி ஒரு கடிதத்தோடு அங்கே நின்றிருந்தார். எல்லா வீட்டு முகப்பும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஏழு நாளில் சுவரை எழுப்பாவிட்டால் குடிநீர் இணைப்பு நிறுத்தப்படும்.

ஓட்டுநர் இறங்கி அதை வாங்கிப் படித்தார். வாழ்நாளில் யாரையும் ஏசாதவர், “வட்டத்தை வித்தது ஒப்பந்தத்துல இருந்துச்சா தம்பி?” என்று கேட்டார். “ராத்திரி தூக்கம் வருதா உங்களுக்கெல்லாம்?”

“நான் வேலைக்காரன்தாங்க” என்றார் அதிகாரி, தரையைப் பார்த்துக்கொண்டு.

“நானும்தான்.” ஓட்டுநர் புகார் சார் பக்கம் திரும்பினார். “சார், உங்க தண்ணியில கை வைக்கறாங்க. வேணாம். நான் மெயின் ரோட்டோடயே திரும்பிக்கறேன். நீங்க இதுவரை செஞ்சதே…”

புகார் சார் கடிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“ஆறு நாப்பதுக்கு வர வேண்டிய வண்டி, இப்ப ஆறு அம்பத்தி மூணு. அந்தம்மா எட்டு மணிக்கு அங்க இருக்கணும். இங்க நின்னு கதை பேசிட்டிருக்கே. பணிமனைக்கு எழுதிடுவேன், ஜாக்கிரதை.”

நடத்துநர் பெண் வண்டிக்குப் பின்னால் ஓடி விசிலை எடுத்தாள்.