வலதுபக்கத்து வலி

கடலூரில் ‘வலிதாங்கி’ படத்தின் முதல் நாள் மாலைக் காட்சியைப் பார்த்துவிட்டு வெளியே வந்த அத்தனை பேருக்கும், அவரவர் வலதுபக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தவரின் வலி வந்திருந்தது. சொந்த வலி இடதுபக்கத்துக்காரரிடம் போயிருந்தது. வலது ஓரத்தில் உட்கார்ந்தவர்களுக்குப் பக்கத்தில் நடைபாதைதான். நடைபாதைக்கு வலி கிடையாது என்பதால் அவர்கள் வெறும் ஆளாக வீட்டுக்குப் போனார்கள். இடது ஓரத்துக்காரர்களிடமிருந்து வாங்கிக்கொள்ள ஆள் இல்லாததால், அவர்களுக்கு இருந்ததும் வந்ததும் சேர்ந்து இரண்டு வலியாயிற்று. டிக்கெட் நூற்றி இருபது ரூபாய், வண்டி நிறுத்த இருபது. தை மாதத்து வெள்ளிக்கிழமை, மழை இல்லை.

வலிதாங்கி முதலில் படக்கதையில் வந்தவன். முப்பது, நாற்பது வருடங்களுக்கு முன்னால் சலூன்களிலும் பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடைகளிலும் தொங்கிய மாதப் புத்தகம் அது. மஞ்சள் கையுறை போட்டுக்கொண்டு அடிபட்டவன் தோளில் கை வைப்பான். வலி இவனுக்குள் போய்விடும். இவன் சிரித்துக்கொண்டே வில்லனைத் தேடிக் கிளம்புவான். உள்ளே போன வலியெல்லாம் என்ன ஆயிற்று என்று புத்தகத்தில் யாரும் கேட்கவில்லை. படம் எடுத்தவர்கள் கேட்டுவிட்டார்கள். படத்து வலிதாங்கிக்கு ஐம்பத்தைந்து வயது. குடிக்கிறான், கெட்ட வார்த்தை பேசுகிறான், சட்டைப் பித்தானைப் போடக் கை மடங்காமல் அழுகிறான். சண்டை ஒன்றே ஒன்று, அதிலும் தோற்கிறான். தணிக்கையில் வயது வந்தோருக்கு மட்டும் என்று ‘ஏ’ முத்திரை குத்தினார்கள். கடைசிக் காட்சியில் பொது வார்டில் படுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகப் பக்கத்துக் கட்டில்காரரிடம், “இதக் கொஞ்சம் புடிச்சிக்கிறியா?” என்று கேட்கிறான். திரை இருட்டாகிறது. அவ்வளவுதான் படம்.

அந்தக் கேள்வி வரும்வரை தியேட்டரில் ரகளை. “யோவ் ஆபரேட்டரு, சண்டைய போடுய்யா!” என்று ஒருவன் கத்தினான். “காசு குடுத்து ஆஸ்பத்திரி வார்டுல உக்காந்த மாரி இருக்குடா மச்சான்,” என்றான் அவனுடன் வந்தவன். புத்தகம் படித்து வளர்ந்தவர்களுக்குத்தான் கோபம் ஜாஸ்தி. கேள்வி வந்ததும் சத்தம் நின்றது. விசிலடித்துக்கொண்டிருந்தவன் வாயிலிருந்து விரலை எடுக்க மறந்தான். விளக்குப் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. வலி அப்போதுதான் இடம் மாறியிருக்க வேண்டும் என்று பிற்பாடு எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

போலீஸ்காரர் அன்புமணிக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை எழிலரசியின் மாதாந்திர வயிற்றுவலி வந்தது. அவர் மூன்று நாள் விடுப்புக் கேட்டு, காரணத்தை உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தார், விடுப்பு கிடைத்தது. முதுநகர் ஆரோக்கியம்மாளுக்கு வந்தது உடம்பு வலியே இல்லை. வலதுபக்கம் இருந்த பையனுக்குக் காதல் முறிந்திருந்தது. அறுபத்திரண்டு வயதில் அந்த அம்மாள் டவுன் பஸ்ஸில் பாட்டுப் போட்டால் போதும், ஜன்னல் பக்கம் திரும்பி அழுதார்கள். பையன் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினான். அடுத்தடுத்த காட்சிகளிலும் இப்படியே நடந்தது. கூட்டம் குறையவில்லை; யாருக்கு வலது பக்கம் உட்காருவது, யாருக்கு இடது பக்கம் உட்காருவது என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்டு வந்தார்கள்.

செம்மண்டலத்தில் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் வினோதினி, கணவன் சிலம்பரசன் கூப்பிட்டதற்காக வேண்டாவெறுப்பாகப் போனவள். சிலம்பரசன் நெல் விளைகிற ஊரில் பிறந்து, கடலூரில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறவன். பழைய வலிதாங்கிப் புத்தகங்களைப் பீரோவில் மனைவி புடவைக்கு மேல் அடுக்கி வைத்திருந்தான். குடும்பத்தோடு வருகிற ஆண்கள் செய்கிறபடி, அந்நிய ஆள் பக்கத்து இருக்கையில் அவன் உட்கார்ந்து, இந்தப் பக்கம் மனைவியை உட்கார வைத்தான். அந்நிய ஆள் நடைபாதையோரம் இருந்த பெரியவர்; வெள்ளைச் சட்டை, தலைமுடியில் கொஞ்சம் உமி. இடைவேளையில் மடியிலிருந்து முந்திரிப் பருப்பு எடுத்துக் கொடுத்து, “புக்குல இவன் குடிச்சே பாத்ததில்லயே தம்பி, கெடுத்துட்டானுங்களே,” என்று வருத்தப்பட்டார். அவர் போன் அடித்தது. “கடலூரு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கேன், கீரப்பாளையம் வந்து சேர நேரமாவும்,” என்று திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முன்வரிசையில் உயரமான ஒருவன் தலை மறைக்கிறதென்று வினோதினி முனகியதால், இடைவேளைக்குப் பிறகு கணவனும் மனைவியும் இடம் மாற்றிக்கொண்டார்கள். இப்படியாக வினோதினியின் வலதுபக்கம் அந்தப் பெரியவர் அமைந்தார்.

மறுநாள் காலை சிலம்பரசன் கட்டிலிலிருந்து எழ முடியாமல் தரையில் உருண்டு இறங்கினான். பிரசவத்துக்கு முதுகில் ஊசி போட்ட இடத்திலிருந்து ஆறு வருடமாக வினோதினிக்கு இருந்த வலி அது.

“இதயா ஆறு வருசமா வச்சிக்கினு இருந்த?”

“சொன்னேன்ல.”

“சும்மா வலிக்குதுன்னுதான சொன்ன!”

“வேற எப்படிச் சொல்லுவாங்க?” என்று கேட்டுவிட்டு, தைலப் புட்டியை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.

இரண்டாவது பீரியடில் அவள் கையிலிருந்த சாக்பீஸ் விழுந்தது. நெஞ்சின் நடுவில் அம்மிக் குழவியை வைத்து அழுத்தின மாதிரி இருந்தது. இடது கையில் இறங்கித் தாடையில் ஏறியது. கொஞ்சம் விட்டது, திரும்ப வந்தது. மாலையில் டாக்டர் கதிரவன் எல்லாச் சோதனையும் பார்த்தார். அவரிடம் காலையிலிருந்தே இப்படி வந்தவர்கள் நிறையப் பேர். அவர் ஆச்சரியப்படுவதை நிறுத்தியிருந்தார். “இது ரத்தக்குழாய் அடைச்ச வலி. ஆனா ஒங்க நெஞ்சு சுத்தமா இருக்கு. வலிதாம்மா மாறுது, நோய் மாறல. வலிக்குச் சொந்தக்காரருக்கு இப்ப ஒண்ணும் தெரியாது. நல்லாயிட்டோம்னு நெனச்சிக்கிட்டு ஓடியாடி வேல செய்வாரு. சீக்கிரமா ஆளக் கண்டுபிடிங்க, எத்தினி நாள் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது,” என்றார்.

தியேட்டர் மேனேஜர் ஞானசேகரன் அதற்குள் வாட்ஸப் குழு ஒன்று தொடங்கியிருந்தார். வலி வந்தவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். நடைபாதையோரத்துக்காரர்கள் யாரும் இல்லை. ஒன்றும் வராதவர்கள் எதற்குத் தேடப்போகிறார்கள்? பெரியவர் கவுண்டரில் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர், பெயரோ நம்பரோ கிடையாது. வினோதினிக்கு வலி நாளுக்கு நாள் நீண்டது. வந்து, விட்டு, வந்து, விட்டு, மதியம்வரை அப்படியே போய், பிறகு நின்றுவிடும். இரண்டு மூன்று நாள் பக்கத்தில் குப்புறப் படுத்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்த சிலம்பரசனுக்குத் திடீரென்று உறைத்தது. “இது லாரிக்கு மூட்ட ஏத்துற கணக்கு. மூட்டயத் தூக்கும்போது வருது, எறக்கிட்டா விடுது. தலையில உமி இருந்திச்சே! அந்தாளு நெல்லு மண்டி.” கொஞ்சம் பொறுத்து, “எனக்கு வரவேண்டியது உனக்கு வந்திருக்கு,” என்றான். வினோதினி, “ஒண்ணு தாங்குறதுக்கே தரையில உருள்றீங்க,” என்றாள்.

வியாழக்கிழமை கார் பிடித்து, அவன் பின்சீட்டில் படுத்துக்கொள்ள, கீரப்பாளையம் போனார்கள். சம்பா அறுவடை நேரம். ரோட்டின் பாதியில் நெல் காய்ந்தது. இரண்டாவதாக விசாரித்த மண்டியிலேயே அவர் இருந்தார். பெயர் கொளஞ்சியப்பன். மனைவி சௌந்தரம் வந்தவர்களுக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“ஐயா, போன வெள்ளிக்கிழம கடலூர்ல வலிதாங்கி படத்துக்கு வந்தீங்களா?” என்றாள் வினோதினி.

கொளஞ்சியப்பன் முதலில் மனைவியைப் பார்த்தார். “படமா? நான் தியேட்டர் பக்கம் போயி இருவது வருசம் ஆவுது. அன்னிக்கி கலெக்டர் ஆபீஸ்ல இல்ல இருந்தேன்.”

“அண்ணே, எனக்கு முந்திரிப் பருப்பு குடுத்தீங்க,” என்றான் சிலம்பரசன், இடுப்பைப் பிடித்தபடி.

“ஆள் மாறிப் பேசறீங்க தம்பி.”

மூட்டை தூக்கும் சாமிக்கண்ணு, “ஐயய்ய, அது ஏ படமாச்சே மொதலாளி!” என்றான். மண்டியே சிரித்தது. கொளஞ்சியப்பன் வயதுக்காரர்களுக்கு ‘ஏ’ படம் என்றால் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு போகிற காலைக் காட்சி என்றுதான் பொருள். கையுறை போட்டவனைப் பார்க்கத்தான் போனேன் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஊர்ப் பெரிய மனிதர். மகள் கயல்விழிக்கு மாப்பிள்ளை வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஐயா, ஒங்களுக்கு நெஞ்சுவலி இருந்திச்சா?”

“நெஞ்சுவலியா, எனக்கா? ஒரு வாரமா எளவட்டம் மாரி இருக்கேன். இங்க பாரும்மா,” என்று சொல்லி, சாமிக்கண்ணு தடுப்பதற்குள் ஒரு மூட்டையை இழுத்து முதுகில் ஏற்றினார்.

வினோதினி அப்படியே நெல்குவியலின் மேல் உட்கார்ந்தாள். வலது கை நெஞ்சை அழுத்தியது. இடது கைக் கட்டைவிரலால் தாடைக்கு அடியில் குத்தி நெம்பினாள். மூட்டையோடு நின்ற கொளஞ்சியப்பன் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார். குடோனுக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து, யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, அவர் அழுத்திக்கொள்ளும் இடம் அது. அவரைத் தவிர அந்த இடம் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. மூட்டையை மெல்ல இறக்கினார். அவள் முகம் தெளிந்தது. சோதித்துப் பார்க்கிறவர்போல இன்னொரு தரம் மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தார். அவள் கண்ணை மூடினாள். சுட்டுவிட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டு, அவள் பக்கத்தில் நெல்லிலேயே உட்கார்ந்தார்.

“எத்தினி நாளா பாப்பா?”

“வெள்ளிக்கிழமயிலேருந்து.”

“எனக்கு ஆடியிலேருந்து,” என்றார்.

“ஆடியிலேருந்தா?” என்றாள் சௌந்தரம். “கேஸு கேஸுன்னு ஓமத்தண்ணி கேட்டியே, அதுவா? ஏ படத்துக்குப் போனதகூட நான்…” உள்ளே போய் ஒரு சலவைச் சட்டையோடும் ஆதார் அட்டையோடும் வந்தாள். “மாத்து. கெளம்பு.”

சிதம்பரத்தில் பெரிய டாக்டர்கள் படம் எடுத்துப் பார்த்து, மூன்று குழாய் அடைப்பு, இந்த ஆள் எப்படி உட்கார்ந்து சிரிக்கிறார் என்று கேட்டார்கள். சௌந்தரம் வினோதினியைக் காட்டினாள். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன் ஞானசேகரன் போன் செய்து, இரண்டு பேரும் வந்து இடம் மாறி உட்கார்ந்து படம் பார்த்தால் வலி திரும்பிவிடும், டிக்கெட் வேண்டாம் என்றார். வினோதினி கொஞ்சம் யோசித்தாள். “அவரு ஒடம்பு இப்ப நோயி, வலி ரெண்டையும் தாங்காது சார். ஆபரேசன் முடியட்டும்,” என்றாள். நெஞ்சை அறுத்த வலியும் அதனால் அவளுக்கே வந்தது. கொளஞ்சியப்பன் மயக்கம் தெளிந்ததும் இட்லி கேட்டார். நோய் ஒரு கட்டிலிலும் வலி பக்கத்துக் கட்டிலிலும் படுத்திருக்க, நடுவில் ஸ்டூல் போட்டுச் சௌந்தரம் இருவருக்கும் கஞ்சி ஊட்டினாள். சிலம்பரசன் நின்றபடியே சாப்பிட்டான். பல நாள் கழித்து வினோதினி மூச்சை முழுதாக இழுத்து விட்டாள். அது தன்னுடைய மூச்சுதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

படத்தைத் தூக்குவதற்கு முந்தின நாள், முதல் நாள் மாலைக் காட்சிக்காரர்களை அழைத்து, வரிசையைத் திருப்பி உட்காரவைத்து, ஞானசேகரன் படத்தை ஓட்டினார். அன்று யாரும் கத்தவில்லை. புத்தக ரசிகர்கள்தான் முதலில் கைதட்டினார்கள். பெரும்பாலானோர் அவரவருடையதை வாங்கிக்கொண்டு போனார்கள். அன்புமணி தங்கையுடையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாதத்தில் மூன்று நாள் வீட்டில் சமையலை ஏற்றுக்கொண்டார். ஆரோக்கியம்மாள் வரவில்லை, பாட்டுக் கேட்க நன்றாக இருக்கிறது, இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். சிலம்பரசன் வினோதினி இல்லாமல் தனியாக வந்தான். ஆனால் மனைவியின் வலி பக்கத்து இருக்கைக்காரருக்குப் போய்விடாதபடி, படத்தின் கடைசிக் காட்சிக்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து வெளியே போய் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு, விளக்குப் போட்ட பிறகுதான் உள்ளே வந்தான். முதுகுவலி அவனிடமே இருக்கிறது. தெருவுக்கே கேட்கிற மாதிரி முனகுகிறான், திருப்பித் தரமாட்டான். பின்னால் படம் போனில் வந்தபோது வீட்டில் பார்த்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வினோதினியும் கொளஞ்சியப்பனும் அந்தக் காட்சிக்குப் போகவில்லை. முந்தின நாளே சௌந்தரம் ஒரு சிப்பம் பொன்னி அரிசியோடு செம்மண்டலத்துக்கு வந்திருந்தாள். “இந்தாளுகிட்டத் திருப்பிக் குடுத்தா மறுபடியும் மறச்சிடுவாரு. வரப்போறது எதுவானாலும் ஓங்கிட்டயே வரட்டும் பாப்பா. நீ சொன்னாத்தான் எனக்குத் தெரியும்,” என்றாள். வினோதினி அரிசியை வாங்கி உள்ளே வைத்தாள்.

அது நடந்து வருடம் இரண்டாகிறது. கயல்விழி கல்யாணத்தில் வினோதினிதான் மணவறைப் பக்கத்தில் நின்றாள். போன மாசியில் ஒரு நாள் முற்பகல், பத்தாம் வகுப்பில் முக்கோணம் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் நெஞ்சில் சின்னதாக ஒரு சுருக். சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். பிள்ளைகள் தலைநிமிரவில்லை, அவர்களுக்கு அது பழக்கம்.

“பெரிப்பா, மூட்டயக் கீழ வைங்க.”

மறுமுனையில் சாக்குத் தரையில் உரசுவது கேட்டது.

“வச்சிட்டம்மா,” என்றார் கொளஞ்சியப்பன்.

வினோதினி சாக்பீஸை எடுத்து, முக்கோணத்தின் மூன்றாவது பக்கத்தைப் போட்டாள்.