நாற்பத்து மூன்று ஆரஞ்சுச் சட்டைகள்

2023 பிப்ரவரி 16, வியாழக்கிழமை. ஹொண்டுராஸின் ரோவாட்டான் தீவு. மயாமியிலிருந்து வந்த பதினெட்டு அடுக்குக் கப்பல் காலை எட்டு மணிக்குத் துறையில் கட்டப்பட்டது. பயணிகள் மாலை நான்கரைக்குள் திரும்பிவிட வேண்டும் என்று இறங்கும் வழியில் பலகை வைத்திருந்தார்கள்.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வெர்டெல் கேதர்ஸ் நான்காம் தளத்தின் கம்பியருகே நின்று முப்பத்தெட்டு வரை எண்ணிவிட்டிருந்தாள். கைக்குள் அடங்கும் எண்ணும் கருவி ஒன்று அவளிடம் இருந்தது. கட்டைவிரலால் ஓர் அழுத்து, ஓர் எண் கூடும். கீழே, கடலுக்குள் நீண்டு கிடந்த கான்கிரீட் பாலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வெயிலில் வெந்து, பனையோலைத் தொப்பியும் மரப்பாச்சி ஆமைகளுமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் அவளுக்கு ஆரஞ்சு நிறம் மட்டும் போதும். கப்பலேறிய நாளுக்கு ஊதா, ரோவாட்டானுக்கு ஆரஞ்சு, கொசுமெலுக்கு மஞ்சள் என்று கேதர்ஸ் குடும்பத்துக்கு ஊருக்கு ஒரு நிறம். முன்புறம் குடும்பப் பெயரும் வருடமும், முதுகில் அவரவர் பெயர். சட்டைகளுக்குத் துணி பார்த்தது முதல் அறைச் சாவிகளைப் பிரித்துக் கொடுத்தது வரை எல்லாம் வெர்டெல்தான். நாற்பத்து மூன்று பேரின் பாஸ்போர்ட்டுகளும் அவள் தோள்பையில், வயது வரிசைப்படி, ரப்பர் பட்டை போட்டு இருந்தன.

ஜார்ஜியாவின் மேக்கனில், பள்ளிப் பேருந்துப் பணிமனையில் முப்பத்தொரு வருடம் வண்டிகளை அனுப்பி வாங்கிய கை அது. அங்கே ஒரு விதி உண்டு. கடைசிக் குழந்தை இறங்கியதும் ஓட்டுநர் பின் இருக்கை வரை நடந்துபோய், பின் கண்ணாடியில் ‘வண்டி காலி’ என்ற அட்டையைத் தொங்கவிட வேண்டும். அப்போதுதான் இருக்கைக்கடியில் தூங்கிக்கிடக்கும் பிள்ளை கண்ணில் படும். அட்டை தொங்காத வண்டியின் சாவியை வெர்டெல் வாங்கியதே இல்லை. முப்பத்தொரு வருடத்தில் ஒரு பிள்ளையும் வண்டியில் விடுபட்டதில்லை. பன்னிரண்டு வருடக் குடும்பக் கப்பல் பயணத்தில் ஓர் ஆளும் கரையில் விடுபட்டதில்லை. இரண்டையும் அவள் ஒரே மூச்சில்தான் சொல்வாள்.

“முப்பத்தொம்பது, நாப்பது,” என்றாள். பக்கத்தில் நின்றிருந்த சித்தப்பா மகன் கிளீட்டஸ், கையில் குளிர்ந்த கோப்பையோடு, பாலத்தில் ஓடிவந்த வேறு யாரோ ஒரு தம்பதியைப் பார்த்துக் குரல் கொடுத்தான். “ஓடு ராசா, ஓடு! இது உன் மாமனார் வீட்டு வண்டி இல்ல, உனக்காக நிக்க!”

“வாயை மூடு. எண்ணிக்கை தப்பிடும்.”

“உனக்கா அக்கா தப்பும்? நீ கடல் அலையையே எண்ணி உள்ள அனுப்பற ஆளாச்சே.”

நான்கு மணி இரண்டு நிமிடத்துக்கு, பச்சையும் மஞ்சளும் கலந்த தொப்பிகள் அணிந்த ஒரு கும்பலின் நடுவே, முகம் மறைந்து, உயரமான கடைசி ஆரஞ்சுச் சட்டை பாலத்தின் இந்த முனையைத் தொட்டது. நடையிலிருந்த லேசான சாய்வைப் பார்த்து, தம்பி ரோஸ்கோ இன்று முழங்காலுக்கு வேலை கொடுத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். கருவியில் நாற்பத்து மூன்று. குடும்பத்தின் வாட்ஸாப் குழுவில் ‘எல்லோரும் வந்தாச்சு, தேவனுக்கு ஸ்தோத்திரம்’ என்று போட்டுவிட்டு, பதினான்காம் தளத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்கு லிஃப்ட் பிடித்தாள்.

கூடம் திருவிழாக் கூட்டமாக இருந்தது. ஐஸ்கிரீம் இயந்திரத்தின் முன்னால், முதுகில் ‘ரோஸ்கோ’ என்ற எழுத்துகளோடு ஆரஞ்சுச் சட்டை நின்றுகொண்டிருந்தது. கையில் இரண்டு கோன்.

“டேய், சர்க்கரைக்காரனுக்கு ரெண்டு கோனா?” என்று அந்தத் தோளில் ஓர் அறை விட்டாள்.

திரும்பியது ரோஸ்கோ இல்லை. வேகவைத்த இறால் போலச் சிவந்த வெள்ளைக்கார முகம். நரைத்த மீசையில் ஐஸ்கிரீம்.

“மேடம், எனக்குச் சர்க்கரையெல்லாம் இல்லீங்க. ஒண்ணு என் சம்சாரத்துக்கு.”

வெர்டெல் அந்தச் சட்டையின் முன்புறத்தைப் படித்தாள். அவளே எழுத்து வடிவம் தேர்ந்தெடுத்த சட்டைதான்.

“இந்தச் சட்டை உங்களுக்கு எப்படி வந்தது?”

அவர் பெயர் டெல்மர். விஸ்கான்சினில் பால் பண்ணை வைத்திருப்பவர், அமெரிக்கக் கால்பந்து ரசிகர் கூட்டத்தோடு வந்தவர். கடற்கரையில் ஒரு நல்ல மனுஷர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தொப்பி அழகாயிருக்கிறது, சட்டைக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாராம். “நல்ல துணியா இருந்துச்சு, சரின்னுட்டேன். ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாரு. நாலு மணி வாக்குல, இதைப் போட்டுக்கிட்டேதான் கப்பலுக்குள்ள போகணும்னாரு. ஏதாச்சும் பந்தயமாங்க?”

கூடத்தின் பேரிரைச்சலுக்கு நடுவே ஒலிபெருக்கி, இன்னும் கப்பலுக்குத் திரும்பாதவர்களின் பெயர்களைப் படிக்கத் தொடங்கியது. மூன்றாவது பெயர் ரோஸ்கோ கேதர்ஸ். ஐயாயிரத்து ஐந்நூறு பேர் காதுபட.

ரோஸ்கோவின் மகள் லத்ரிஸ் ஜன்னலோர மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அட்லாண்டாவில் நர்ஸ். அத்தை வருவதைப் பார்த்ததுமே எழுந்து நின்றாள். அந்த எழுந்து நின்ற விதத்திலேயே வெர்டெலுக்குப் பாதி விளங்கிவிட்டது.

“உனக்குத் தெரியும்.”

“செவ்வாய்க்கிழமை சொன்னாரு அத்தை.”

“நீ என்ன சொன்னே?”

“எல்விட்டாகிட்ட போய் இருந்துட்டு வாங்கப்பான்னேன். மூணு மாசத்துக்கு மாத்திரை கட்டிக் கொடுத்திருக்கேன். காலைல தோள்ல பெரிய பை இருந்துச்சே, நீங்க பாக்கலையா?”

பார்த்திருந்தாள். துண்டு என்று நினைத்தாள்.

போன வருடப் பயணத்தில் இதே தீவில், மீன் வறுத்து விற்கும் எல்விட்டா என்ற பெண்ணின் ஐஸ் பெட்டி நின்றுபோயிருந்தது. நாற்பது வருடம் மேக்கன் தண்ணீர் நிலையத்தில் மோட்டார்களோடு வாழ்ந்த ரோஸ்கோ, மீன் பொரிந்து வருவதற்குள் அதை ஓட வைத்துவிட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். அத்தோடு முடிந்தது என்றுதான் வெர்டெல் நினைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் நான்கு மணிக்கு அவன் போனை எடுத்துக்கொண்டு பின் வாசலுக்குப் போவதும், ஒரு மணி நேரம் கழித்துச் சிரித்த முகத்தோடு உள்ளே வருவதும் அவளுக்குத் தெரியும். சபையின் மூப்பரோடு பேசுகிறான் என்று அவளாகவே வைத்துக்கொண்டாள். மனைவி இறந்தபிறகு நான்கு வருடமாக வெர்டெலின் வீட்டுப் பின்னறையில் இருக்கிறான். அவன் உப்பு, அவன் நடை, டி.வி.யின் சத்தம் எல்லாம் அவள் அளவு. எதற்கும் மறுத்துப் பேசியதில்லை. துக்கம் அடங்கிவிட்டது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

லத்ரிஸ் தன் போனை நீட்டினாள். அது ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்தது.

“அக்கா,” என்றது ரோஸ்கோவின் குரல், நிதானமாக. “எத்தனை வந்துச்சு?”

“நாப்பத்து மூணு.”

“அப்ப சரியா இருக்குல்ல.”

“டேய், நான் உன்னை எண்ணினேன்டா.”

“நீ சட்டையை எண்ணினே அக்கா.” பின்னணியில் ஏதோ எஞ்சின் இருமியது. “துறை வாசல்லதான் நிக்கறேன். பாஸ்போர்ட் உன் பையில மாட்டிக்கிச்சு. கேட்டா ஏன்னு கேப்பே. அதில்லாம இங்க ஒரு வாரம்கூட இருக்க முடியாது. நீ மேலேயே வச்சுக்கிட்டா, நான் ஏறி வந்துடறேன். சண்டை போட மாட்டேன்.”

மணி நான்கு பத்து.

லிஃப்ட் ஒவ்வொரு தளத்திலும் நின்று ஈரக் கால்களை ஏற்றி இறக்கியது. வெர்டெல் பையைத் திறந்து, ரப்பர் பட்டையைக் கழற்றி, மேலிருந்து மூன்றாவதை எடுத்தாள். ஒன்றும் செய்யாமல் நின்றால் போதும். அவன் வந்துவிடுவான், சொன்னால் சொன்னதுதான். பதின்மூன்றாவது வருடமும் விடுபடாமல் முடியும். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு அவன் பின் வாசலுக்குப் போவான், அவள் சமையலறையில் இருப்பாள், இப்போது அந்தப் பக்கம் யார் பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அப்போது காய் நறுக்கும் தன் கை எப்படி இருக்கும் என்று யோசித்தாள்.

கீழ்த் தளத்து வாசலில் டலிசாய் என்ற பிலிப்பினோ அதிகாரி நின்றிருந்தார். “இறங்க முடியாதும்மா. இன்னும் பதினஞ்சு நிமிஷம்தான் இருக்கு.”

“என் கடிகாரத்துல பதினாறு. என் தம்பி இங்கயே தங்கறான், இந்த பாஸ்போர்ட்டை அவன்கிட்ட குடுக்கணும்.”

“நடுவழியில தங்கறதா இருந்தா முன்னாடியே எழுதிக் கொடுத்திருக்கணும். எங்க ஏஜென்ட் கரையில இருக்கார். கொடுங்க, அவர் கையில சேத்துடறோம்.”

“அவன் எதையும் முன்னாடி எழுதிக் கொடுக்கற ஆள் இல்ல தம்பி. இது என் கையால போகணும்.” கழுத்தில் தொங்கிய கப்பல் அனுமதி அட்டையை அவளே வாசல் இயந்திரத்தில் வைத்தாள். “நாலு இருபத்தொம்பதுக்கு இதே இடத்துல நிப்பேன். நீங்க கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே இருங்க.”

டலிசாய் வழிவிட்டார்.

பாலம் மேலிருந்து பார்த்ததைவிட நீளமாக இருந்தது. எழுபத்தொரு வயதுக் கால்களோடு வெர்டெல் நடந்தாள். ஓடவில்லை.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ரோஸ்கோ பனியனோடு நின்றிருந்தான், தலையில் டெல்மரின் பச்சை மஞ்சள் தொப்பி. அவனுக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. பக்கத்தில் மாவு படிந்த முன்துணியோடு ஒரு பெண், அறுபது வயது இருக்கும், நேராகக் கண்ணைப் பார்த்தாள். தீவின் ராகம் போட்ட ஆங்கிலத்தில், “நான்தான்மா எல்விட்டா,” என்றாள்.

“அந்த ஐஸ் பெட்டி இன்னும் ஓடுதா?”

“நல்லா ஓடுது.”

“அப்ப இவனுக்கு இங்க என்ன வேலை?”

எல்விட்டா சிரித்துவிட்டாள். “படகு எஞ்சின் இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு. இந்தத் தீவுல ஓடாத சாமானுக்கா பஞ்சம்?”

வெர்டெல் தம்பியைப் பார்த்தாள். “என்கிட்ட சொல்றதுக்கென்னடா? வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?”

“வேண்டாம்னு சொல்ல மாட்டே அக்கா. பட்டியல் போடுவே.”

அவள் வாயைத் திறந்தாள். கொசுவலை, பக்கத்து ஆஸ்பத்திரியின் பெயர், முழங்கால் பட்டை என்று வரும் வழியில் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்திருந்தது அத்தனையும் நாக்கு நுனியில் நின்றது. மூடிக்கொண்டாள். வேலியின் இடைவெளி வழியாக நீலப் பாஸ்போர்ட்டை நீட்டினாள். அவன் பிடித்த பிறகும் ஒரு நொடி விடவில்லை.

“மூணு மாசம்தான் இருக்க விடுவாங்க. மே பதினேழுக்குள்ள வந்தாகணும்.”

“பாக்கலாம்.”

“பாக்கலாம்னா?”

“பாக்கலாம்னா பாக்கலாம்தான்.”

விட்டாள். திரும்பிப் பத்தடி போனவள் நின்று, வேலிக்கு மீண்டும் வந்தாள். “பின்னாடி திரும்பு,” என்றாள். ரோஸ்கோ சிறு பிள்ளை போலத் திரும்பி நின்றான். பனியன் முதுகில் பெயரில்லை. வலது தோளில் ஏழு வயதில் மரத்திலிருந்து விழுந்த தழும்பு. அதைப் பார்த்துவிட்டு, “சரி, போ,” என்றாள்.

திரும்பும் வழியில் பாலம் காலியாக இருந்தது. பதினெட்டு அடுக்கிலும் பால்கனிக்குப் பால்கனி ஜனம் தொங்கியது. தாமதமாக வருபவர்களைக் கூவி ஏற்றுவது ஒவ்வொரு துறையிலும் நடக்கும் வேடிக்கை. வெர்டெல் அந்தக் கூட்டத்தில் ஒரு தடவையும் அனுதாபத்தோடு நின்றதில்லை. இன்று அத்தனை விசிலும் அவளுக்கு. உச்சியிலிருந்து பழகிய குரல் ஒன்று கேட்டது: “ஓடு பாட்டி, ஓடு! ஆரஞ்சுச் சட்டை, ஓ…” பிறகு, “அய்யய்யோ, நம்ம அக்காடா!”

அதன்பின் கேதர்ஸ் குடும்பத்தின் கூச்சல் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது. அப்போதும் அவள் ஓடவில்லை. பாதி தூரத்தில் பையை மறு தோளுக்கு மாற்றினாள். அதன் எடை லேசாகத்தான் குறைந்திருந்தது.

டலிசாய் கடிகாரத்தைக் காட்டினார். நான்கு இருபத்தொன்பது. அட்டையை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது.

வாசலுக்கு உள்ளே டெல்மர் தன் பழைய சட்டைக்கு மாறி, ஆரஞ்சுச் சட்டையை மடித்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். “எனக்கு விஷயம் தெரியாதுங்க மேடம். தெரிஞ்சிருந்தா…”

“நீங்களே வச்சுக்குங்க. அவன் குடுத்தது குடுத்ததுதான். நான் எண்ணும்போது மட்டும் பக்கத்துல வராதீங்க.”

கப்பல் ஐந்து மணி நான்கு நிமிடத்துக்குத் துறையை விட்டது.

அந்தக் கருவியில் கூட்டத்தான் முடியும், ஒன்றைக் கழிக்க வழியில்லை. இரவு உணவின்போது வெர்டெல் அதைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாள். நாற்காலி நாற்காலியாகப் பின்னால் நடந்து, ஒவ்வொருவர் முகத்தையும் குனிந்து பார்த்து, கடைசி மேசை வரை எண்ணினாள். ஏன் இப்படிப் பார்க்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை, கிளீட்டஸ் உட்பட. கடைசி மேசையின் கடைசி நாற்காலியில் அவள் தன் தோள்பையை வைத்தாள்.

நாற்பத்திரண்டு. கொசுமெலுக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சட்டை மஞ்சள்.