ஆறு இறாத்தல்

பதுளை ஸ்டேசனுக்கு ரயில் வந்து ஐந்து மாதமாகிறது. மலை சரிந்து தண்டவாளத்தை அந்தரத்தில் தொங்கவிட்டதிலிருந்து பிளாட்பாரத்தில் பதினொரு நாய்களின் ஆட்சி. அதில் வெள்ளைக்கால் நாய், நான் கண்ட எல்லா ஸ்டேசன் மாஸ்டர்களையும்விடக் கண்டிப்பானது. முப்பத்தொன்பது வருடம் இங்கே பார்சல் போர்ட்டராக இருந்து ஓய்வு பெற்ற நான் இன்னும் எட்டு மணிக்கு வந்துவிடுகிறேன். வெறும் ஸ்டேசனைப் படம் பிடிக்க வருகிறவர்களுக்கு வரலாறு சொல்ல ஆள் வேண்டாமா? பாதை ஏன் பதுளையோடு நின்றது தெரியுமா, வெள்ளைக்கார எஞ்சினியர் இங்கே ஒரு கோப்பை தேத்தண்ணீர் குடித்தார், அதற்கு மேல் போக அவருக்கு மனம் வரவில்லை என்பேன். சர்க்கஸ் யானையொன்று பார்சல் தராசில் ஏறி, முள்ளைப் பார்த்து வெட்கப்பட்டு இறங்கியதென்பேன். ஆனால் எல்லோரும் திரும்பக் கேட்பது பிள்ளை கதையைத்தான். மூன்றாம் வகுப்பு ஓய்வறையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண் பிள்ளை பெற்றாள். டிரைவர் எஞ்சினிலிருந்து வெந்நீர் பிடித்துக் கொடுத்தார் (டீசல் எஞ்சினில் ஏது வெந்நீர் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை). கார்டு தன் பச்சைக்கொடியில் பிள்ளையைச் சுற்றினார். நான் தராசில் வைத்தேன், ஆறு இறாத்தல். அது அழுத அழுகையில் அடுத்த ஸ்டேசன் ஹாலிஎல வரைக்கும் சிக்னல் விழுந்தது.

நேற்று கதையை அந்த இடத்தில் நிறுத்திச் சிரித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் சந்தைப் பை.

"எட்வர்ட் அண்ணன் நீங்கதானுங்களா?"

"ஆமா. போட்டோ எடுக்க வந்தீங்களா?"

"இல்லங்க. அந்தப் புள்ள நான்தான்."

அவள் பெயர் நல்லம்மா, மடுல்சீமைப் பக்கம் தோட்டம். வளர்த்தவர்கள் அவளை ஸ்டேசனில் கிடைத்த பிள்ளை என்றுதான் சொல்வார்களாம். பசறை பஸ்ஸில் யாரோ என் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். அவள் குடியிருந்த லயம் மலை சரிந்து மண்ணுக்குள் போய்விட்டது. புது வீட்டுப் பட்டியலில் பேர் எழுதப் பிறப்புப் பத்திரம் வேண்டும். அவள் பிறந்ததை யாரும் பதியவே இல்லை.

"பொறந்தப்ப கூட இருந்தவங்க ஒருத்தர் கையெழுத்துப் போட்டா ஆகுமுன்னு சொல்றாங்க. எனக்கு ஒங்களத் தவிர யாரு இருக்கா, சொல்லுங்க."

படிவத்தை நீட்டினாள். பேனாவும் அவளே கொண்டுவந்திருந்தாள்.

நடந்ததை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம். ஓய்வறையில் ஒரு பெண், ஒரு பிள்ளை, ஆறு இறாத்தல், எல்லாம் உண்மை. அது அழவில்லை. தராசில் ஏன் வைத்தேன் என்று கேட்காதீர்கள். கைக்கு வந்ததை எடை போடுவதுதான் எனக்குத் தெரிந்த வேலை. பிணத்தோடு பஸ்ஸில் ஏற்ற மாட்டார்களென்று பெற்றவள் சேலைத் தலைப்பால் அதன் முகத்தை மூடிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். என்ன புள்ள சத்தமே இல்ல என்று கண்டக்டர் கேட்டான். வெளியே நின்ற நான்தான் சொன்னேன், பால் குடிச்சிட்டுத் தூங்குது என்று. பஸ் புறப்பட்டது. பிறகு சொல்லச் சொல்ல, அந்தப் பிள்ளை என் வாயிலேயே வளர்ந்துவிட்டது.

"எங்கம்மா எப்பிடிங்க இருந்தாங்க?"

படிவத்தையும் பேனாவையும் வாங்கிக்கொண்டேன். இவள் வேறு யாரோ பெற்ற பிள்ளை என்று சொன்னால் வீடு போகும், தாயும் போவாள். கையெழுத்துப் போட்டால் பஸ் ஜன்னலில் உட்கார்ந்திருந்தவளின் பிள்ளையை நானே எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்தவனாவேன்.

"ஒங்கள மாதிரித்தான்" என்று என் வாய் சொன்னது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூலையிலிருந்த தராசைப் பார்த்தாள்.

"இதுலதானுங்களா?"

தலையசைத்தேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கோயிலுக்குள் போவதுபோலக் காலைத் தூக்கி அதன்மேல் ஏறினாள். ஐந்து மாதமாக அசையாத பலகை கிறீச்சிட்டது. வெள்ளைக்கால் நாய் எழுந்து வந்து பார்த்தது.

"ஆடாம நில்லுங்க" என்றேன், பழக்கதோஷத்தில்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கையில் படிவமும் மறுகையில் பேனாவுமாக நான் குனிந்தேன். கண்ணாடிக்குள் முள் நடுங்கிக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை.