சட்டையில் படிந்த வெள்ளை

மேஸ்திரி என் முதுகைப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

"என்னய்யா இது, கோழி கெளறுன மாதிரி இருக்கு? பத்து நாள் வீட்ல கெட. ஆறிட்டா வந்து மூட்டை தூக்கு. ஆறலன்னா உன் எடத்துக்கு வேற ஆளப் போட்டுருவேன். உன்னால இங்க இருக்குற அத்தன பேரும் சொறிஞ்சிக்கிட்டு நிக்கணுமா?"

பதினாறு வருடமாகச் சிமெண்ட் மூட்டை ஏற்றி இறக்குகிறேன். வேறு வேலை தெரியாது. டாக்டரும் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சிமெண்ட் ஒத்துக்கல போலிருக்கு" என்றார். அந்தப் 'போலிருக்கு' என் காதில் ஏறவில்லை. வேலை போச்சு என்பது மட்டும் ஏறியது.

மூன்று நாள் சிமெண்டைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அரிப்பு விடவில்லை. கழுத்துப்பட்டை உரசுகிற இடமும் கால்சட்டை இறுகுகிற இடுப்பும் தீயாய் எரிந்தன. சிமெண்ட் ரத்தத்தில் கலந்துவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

நாலாம் நாள் மச்சினன் வந்தான். என் மனைவியின் தம்பி. வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். துவைத்த துணியிலும் வெள்ளை வெள்ளையாய்ச் சிமெண்ட் நிற்கிறது, மெஷின் சரியில்லை என்று அவள்தான் கூப்பிட்டிருந்தாள்.

"என்ன மாமா, வேலைக்குப் போகாம மெஷினுக்குக் காவலா?"

"ஆமா. நீ கழட்டி மாட்டுனா நாலு ஸ்க்ரூ மிச்சம் வருமே, எண்ணி வைக்கலாம்னு உக்காந்திருக்கேன்."

மெஷினை முன்னால் இழுத்தான். தண்ணீர் வருகிற குழாயைக் கழற்றி, அதன் வாயில் இருந்த சின்ன சல்லடையைப் பார்த்தான். சுத்தம். கீழே கழிவு போகிற வழியைத் திறந்தான். இரண்டு பொத்தான், ஒரு ஹேர்பின்.

"தண்ணி நல்லா வருது, நல்லா போவுது. மெஷின் மேல குத்தமில்ல."

கொடியிலிருந்து என் சட்டையை எடுத்தான். கழுத்துப்பட்டையில் திட்டுத் திட்டாய் இருந்த வெள்ளையை ஈரக் கையால் தேய்த்தான். தேய்த்த கையை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"மாமா, சிமெண்ட் நுரைக்குமா?"

அவன் விரலிடுக்கில் நுரை நின்றது. துவைத்துக் காயப்போட்டிருந்த துணியையெல்லாம் அள்ளி மெஷினில் போட்டு, பவுடர் இல்லாமல் வெறும் தண்ணீரில் ஓட விட்டான். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பால் பொங்குவதுபோல் நுரை ஏறியது.

"இந்த வீட்ல யாரு பவுடர் போடுறது?"

"நான்தான்" என்றேன். "நான்தான்" என்றாள் அவளும்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வேலையிலிருந்து நான்தான் முதலில் வருவேன். துணியை மெஷினுக்குள் போட்டு, அதன் மேலேயே இரண்டு கை பவுடரைத் தூவிவிட்டுக் குளிக்கப் போவேன். அவள் போன மாதம் சேர்ந்த பிஸ்கட் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வருவாள். பவுடர் தட்டு காலியாகத்தானே இருக்கும்? அதை நிரப்பிச் சுவிட்சைப் போடுவாள்.

நான் சொன்னதைக் கேட்டு, "ரெண்டு கையா!" என்றாள்.

"இப்ப மூணு. வெள்ளை போவலையேன்னு..."

"எரியிற நெருப்புல எண்ணெய ஊத்திட்டு, ஏன் அணையலன்னு கேட்டானாம் ஒருத்தன்" என்றான் மச்சினன். "அந்தச் சோப்போட சட்டையப் போட்டுக்கிட்டு நாள் முழுக்க வேர்த்தா, தோலு என்னத்துக்கு ஆவும்?"

அவள் இடுப்பைத் தடவிக்கொண்டே தரையைப் பார்த்தாள். "எனக்கும் ரெண்டு வாரமா அரிக்குது."

அவள் சிமெண்டைத் தொட்டதே கிடையாது.

"ஏன்டி சொல்லல?"

"உங்ககிட்டேருந்து ஒட்டிக்கிச்சுன்னு நெனச்சேன். சொன்னா தனியாப் போயிப் படுத்துக்குவீங்க."

"நான் இன்னும் இங்கதான் இருக்கேன்" என்றான் மச்சினன், மெஷினைப் பார்த்தபடி.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சோப்பா? வெறும் சோப்பா? முதலில் சிரிப்பு வந்தது. பிறகு மூக்கு ஒழுகியது. அவள் முந்தானையைக் கொடுத்தாள். அதுவும் சோப்பாகத்தான் இருக்கும் என்று மச்சினன் பிடுங்கி மெஷினில் போடப் பார்த்தான். கையிலேயே ஒரு அடி வாங்கினான்.

நாலு தடவை வெறும் தண்ணீரில் ஓட்டியும் நுரை வந்தது. ஐந்தாவது தடவைதான் தண்ணீர் தண்ணீராக இருந்தது. போகும்போது பவுடர் டப்பாவை அக்காள் கையில் கொடுத்தான். "ஒரு கரண்டி, தலை தட்டி. மாமா கை இதுல படக்கூடாது. அது சிமெண்ட் அள்ளுற கை."

பத்தாம் நாள் மேஸ்திரி சட்டையைக் கழற்றச் சொன்னார். தழும்பு கறுத்திருந்தது, புண் இல்லை. விரலால் அழுத்திப் பார்த்தார்.

"எந்த டாக்டர்யா?"

"மச்சினன்."

"டாக்டருக்கா படிச்சிருக்கான்?"

"வாஷிங் மெஷின் ரிப்பேர்."

வெளியே கையைக் காட்டினார். "சரி சரி, போ. லாரி நிக்குது."

முதல் மூட்டை முதுகில் இறங்கியது. ஐம்பது கிலோ ஐம்பது கிலோவாகவே இருந்தது. சந்தோஷத்துக்கெல்லாம் அது குறைவதில்லை. ஓரம் பிரிந்திருந்த மூட்டை. கழுத்துப்பட்டைக்குள் வெள்ளையாய்த் தூசி இறங்கியது. உதறவில்லை. அது வெறும் சிமெண்ட்தான்.