சாக்கு மண் கழிவு

என் தங்கச்சி ஸகீனாவின் நிறையை அரசாங்கம் நம்ப மறுத்தது. அவளைக் கண்ணால் கண்ட எவரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் அரசாங்கத்துக்குக் கண் கிடையாது, கந்தோரும் அதில் பைலும் மட்டும்தான்.

அவள் பதுளையில் அரசாங்கப் பள்ளிக்கூட டீச்சர். தூக்கத்தில் அவளுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. வயிற்றைச் சிறிதாக்கும் ஒப்பரேஷன் செய்யாவிட்டால், நின்ற மூச்சு ஒருநாள் திரும்பி வராது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அரச ஊழியர் காப்புறுதி செலவை ஏற்கும். நிறை நூற்றிருபது கிலோவைத் தாண்டினால். கிளினிக் தராசோ நூற்றிருபதோடு முடிந்துவிடும். அவள் ஏறினால் முள் கடைசியில் முட்டி நிற்கும். முட்டியது தாண்டியது ஆகாது என்று பதில் வந்தது.

நான் பஸார்க்காரன். 'இல்லை' என்பது எனக்கு விலை பேசத் தொடங்கும் இடம். கந்தோருக்கே போய் உட்கார்ந்து பேசினேன். கடைசியில் பார்த்தீபன் என்ற யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர், முத்திரை குத்திய தராசு எதுவானாலும் தன் கண்ணால் பார்த்துவிட்டு எழுதித் தருவதாக ஒத்துக்கொண்டார். முத்திரை குத்திய பெரிய தராசு என் உருளைக்கிழங்கு ஸ்டோரிலேயே இருந்தது.

அன்று காலையில் வெலிமடையிலிருந்து கிழங்கு லொறி வந்திருந்தது. மூட்டை தட்டில் ஏறும். முள் ஓடி நிற்கும். உடனே நான் "சாக்கு மண் கழி" என்பேன். சாக்கின் எடைக்கும் கிழங்கில் ஒட்டிய மண்ணுக்கும் சேர்த்துக் குறைப்பது வழக்கம். மண்ணே இல்லாத கிழங்குக்கும் குறைப்பேன். வாப்பா காலத்துப் பழக்கம்.

கிழங்கு தெரிவு செய்துகொண்டிருந்த வேலாயி சிரித்தாள். முன்பு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள் அவள்.

"அங்க கூடைக்கும் தண்ணிக்கும் கழிச்சாங்க. இங்க சாக்குக்கும் மண்ணுக்கும். கழிச்சதெல்லாம் எங்கதாங்க போகுது மொதலாளி?"

"வாங்கினவனுக்கு. அதான் யாவாரம்."

"என்னைக்காவது மொத்தமா வந்து சேரப்போகுது, பாத்துக்கங்க."

பார்த்தீபன் வந்தார். பின்னாலேயே ஸகீனா, படிக்கொரு தரம் நின்று இளைத்தபடி. அவளுடைய மூச்சில் பழைய கதவின் கீல் சத்தம் கேட்டது. வெட்கத்தோடு தட்டில் ஏறினாள். முள் ஓடியது. நூற்றிருபதைத் தாண்டி, இன்னும் கொஞ்சம் போய் நின்றது.

"ஓம், தாண்டியிட்டுது," என்று பார்த்தீபன் பேனாவை எடுத்தார்.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். முள் நின்றால் அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"சாக்கு மண் கழி."

முள் இறங்கியது. எவரும் எதையும் தொடவில்லை. நூற்றிருபதுக்குக் கீழே வந்து அசையாமல் நின்றது.

"முதலாளி, கொஞ்சம் வாயைப் பொத்திக்கொண்டு நில்லுங்கோ," என்றார் பார்த்தீபன். "ஸ்பிரிங் இளகியிருக்குப் போல. நீங்கள் இறங்குங்கோ டீச்சர், முள் பூச்சியத்துக்கு வரட்டும்."

ஸகீனா இறங்கினாள். முள் பூச்சியத்துக்கு வரவில்லை. நான் கழித்தது எவ்வளவோ அவ்வளவைக் காட்டிக்கொண்டு நின்றது. தட்டில் ஒன்றுமில்லை. தட்டில் படிந்திருந்த மண்தூள் மட்டும் யாரோ கால் மாற்றி நிற்பதுபோல் மெல்ல நசுங்கியது.

வேலாயியின் கைகள் நின்றுவிட்டன. அப்போதுதான் எல்லோருக்கும் அது கேட்டது: கீல் சத்தம். இழுத்து, நின்று, மறுபடி இழுக்கிற ஸகீனாவின் மூச்சு. அது தட்டிலிருந்து வந்தது.

ஸகீனா கதவருகே நின்றிருந்தாள். உடம்பில் துளி மாற்றமில்லை. ஆனால் வாயை மூடி, மூக்கால், குழந்தையைப் போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"நானா, எனக்கு லேசா ஈக்கி," என்றாள் அண்ணனான என்னிடம், மெதுவாக. "பயமாவும் ஈக்கி."

பார்த்தீபன் தட்டைப் பார்க்காமல் பேனா முனையைப் பார்த்தார். "இந்த நிறைக்கு நான் எழுத ஏலாது. திரும்ப ஏறி, முள் தாண்டினால் எழுதுறன். இல்லையெண்டால் இண்டைக்கே பைலை மூடவேணும்."

ஒப்பரேஷன் வேண்டும் அவளுக்கு. செருப்பைக் கழற்றினாள். தட்டிலிருந்த மூச்சு அவளை அடையாளம் கண்டதுபோல் அவசரப்பட்டது.

"ஏறாதீங்க டீச்சர்," என்றாள் வேலாயி. "அது எறங்கிடுச்சுல்ல. விட்ருங்க."

"விட்டா அது எங்க போகும்?" என்று கேட்டாள் ஸகீனா.

வேலாயி என்னைப் பார்த்தாள். அந்தக் காலையில் அவளுக்கு நான் சொன்ன பதில் அங்கேயே, மூட்டைகளுக்கு நடுவில் கிடந்தது.

ஸகீனாவின் கால் தட்டில் படுமுன் அவளை விலக்கிவிட்டு நான் ஏறினேன்.

"கழிச்சது வாங்கினவனுக்கு," என்றேன். யாவாரத்தில் பேசிய பேச்சை மாற்றிப் பழக்கமில்லை.

முதலில் முதுகில் ஈரச் சாக்கை வைத்ததுபோல் இருந்தது. பிறகு அது மெல்ல முன்னால் வந்து நெஞ்சில் உட்கார்ந்து வசதி பார்த்துக்கொண்டது. மூச்சை இழுத்தேன். என் தொண்டைக்குள் கீல் சத்தம் போட்டது.

நான் இறங்கியதும் முள் பூச்சியத்துக்குப் போய் ஒழுங்காக நின்றது. ஸகீனா அழுதுகொண்டே படியிறங்கினாள், ஒரு படியிலும் நிற்காமல்.

பார்த்தீபன் பைலை மூடிக் கக்கத்தில் வைத்தார். வாசல் வரை போனவர் என் மூச்சைக் கேட்டு நின்றார். நல்ல மனிதர், ஏதாவது செய்யலாமா என்று யோசித்திருப்பார்.

"முதலாளி, நீங்கள் அரசாங்க உத்தியோகம் ஏதும் பாக்கிறதில்லையோ?"

"இல்லையே."

"அப்ப காப்புறுதி கிடையாது," என்றார்.

வெளியே அடுத்த லொறி வந்து நின்றது. முதல் மூட்டை தட்டில் ஏறியது. முள் ஓடி நின்றது. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"முழு நிறை," என்றேன், இரண்டு மூச்சில்.