ஜூன் முப்பத்தொன்று

ஜூன் முப்பத்தொன்றாம் தேதி மாலை நடந்த நிரலாளர் கூட்டத்துக்குப் பதினேழு பேர் போனார்கள். ஆறு வருடத்துக்கு ஒருவரும் திரும்பவில்லை.

தவறு வெள்ளிக்கிழமைக் கடிதத்தில் நடந்தது. மென்பொருள் எழுதிப் பிழைப்பவர்களுக்கென்று வாராவாரம் மின்னஞ்சலில் வரும் கடிதம் அது. எந்தக் கருவிக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது, எந்த நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்கள், எங்கே ஆட்களைக் கழிக்கிறார்கள், இந்த மாதக் கூட்டத்தில் யார் பேசுகிறார்கள், டீ உண்டா இல்லையா எல்லாம் அதில் இருக்கும். சம்பளமில்லாமல் அதை எழுதி அனுப்பியவளைக் கடிதக்காரி என்றே எல்லோரும் சொன்னார்கள். அவள் மே மாத அறிவிப்பை அப்படியே எடுத்து, மே என்பதை ஜூன் ஆக்கினாள். தேதியைத் தொட மறந்துபோனாள். கவனித்தவர்கள் சிரித்துவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டார்கள். கவனிக்காதவர்கள் கிளம்பிப் போனார்கள்.

அவர்களில் அவளுடைய தம்பியும் ஒருவன். வேலை போன பிறகு அவள் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தான். அந்தக் கூட்டத்தில் முதன்முதலாக மேடையேறிப் பேச இருந்தான். நாலு பேர் கேட்டால் ஒருவராவது வேலைக்குக் கூப்பிட மாட்டாரா என்ற நப்பாசை. ஜூன் முப்பது இரவு, நாளைக்குக் கூட்டம் என்று பேசிக்கொண்டே அக்காவும் தம்பியும் சாப்பிட்டார்கள். படுக்கப் போகும்போது அவள் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது: ஜூனில் ஏது முப்பத்தொன்று? அவளுக்குத் திக்கென்றது. பின்னறையில் விளக்கு அணைந்திருந்ததால், காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டாள். விழித்தபோது ஜூலை ஒன்று. தம்பியின் படுக்கை மடித்து வைத்திருந்தது. இஸ்திரிப்பெட்டி இன்னும் சூடாக இருந்தது.

கூட்டம் நடக்கும் மண்டபத்துக் காவலாளி, மாதக் கடைசி ஆயிற்றே என்று முப்பதாம் தேதி மாடி அறையைத் திறந்து வைத்ததாகவும், ஈ காக்கை வராததால் பூட்டிவிட்டதாகவும் சொன்னார். ஆனால் பூட்டிய கதவின் கீழே வெளிச்சம் தெரிந்தது. நடுநடுவே கைதட்டினார்கள். திறந்து பார்த்தால் இருட்டும் அடுக்கிய நாற்காலிகளும்தான். சாத்தினால் மறுபடி வெளிச்சம். உள்ளே இருந்தவர்களுக்குப் போன் மட்டும் ஒழுங்காகப் போனது.

"இப்பதான்க்கா ஆரம்பிச்சிருக்காங்க," என்றான் தம்பி, அடங்கிய குரலில். "அடுத்தது நான்தான். பேசி முடிச்சிட்டு வந்துடறேன்."

அடுத்த வாரமும் அதைத்தான் சொன்னான், அடுத்த வருடமும் அதைத்தான் சொன்னான். காவல் நிலையத்தில் புகாரை மறுக்கவில்லை. அவர்களுடைய கணினிதான் அந்தத் தேதியை வாங்க மறுத்தது. நிறுவனங்கள், சொல்லாமல் நின்றுவிட்டதாகக் காரணம் காட்டி எல்லோரையும் நீக்கின. நிரலாளர்கள் விஷயத்தை அக்கறையாக ஆராய்ந்து, இது எல்லோருக்கும் தெரிந்த வகைப் பிழைதான் என்றார்கள். ஒருவர் அதைப் பற்றியே அடுத்த கூட்டத்தில் பேசி நல்ல பெயர் வாங்கினார். திருத்தம் போட்டால் வந்துவிட மாட்டார்களா என்று கடிதக்காரி கேட்டாள். சரியான தேதி முப்பது, அன்றைக்குக் கூட்டமே நடக்கவில்லை, நடக்காத கூட்டத்தில் ஆட்கள் எப்படி இருப்பார்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். அதற்குப் பயந்து அவள் திருத்தம் போடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மற்ற செய்திகளைப் போட்டாள். அந்த வருடங்களில் நிரலை எந்திரமே எழுதத் தொடங்கியது. ஆள் எடுக்கும் பகுதி சுருங்கிச் சுருங்கி இரண்டு வரியானது. கழிக்கும் பகுதி பக்கம் பக்கமாக நீண்டது.

போனவர்களில் ஒருவருக்குக் கைக்குழந்தை இருந்தது. மூன்றாம் வருடம் அவர் மனைவி மகளைப் போனில் பேச வைத்தாள். யார் வீட்டுக் குழந்தை என்று அவர் கேட்டார். உங்கள் மகள்தான் என்றாள். அவள் இன்னும் குப்புறக்கூட விழவில்லையே என்று சிரித்து, கூட்டம் நடப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் போன் செய்யவில்லை. ஆறாம் வருடம், மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்ட கையோடு கடிதக்காரியின் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"திருத்தம் போடுங்கக்கா," என்றாள். "வந்தா வரட்டும். இல்லன்னா, இல்லன்னு எனக்குத் தெரியட்டும்."

கடிதக்காரி தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னாள். என் பேச்சு மட்டும் முடியட்டுமே என்று அவன் கெஞ்சினான். அந்த வெள்ளிக்கிழமை ஒரே ஒரு வரி போட்டாள்: ஜூன் முப்பத்தொன்று என்பதை முப்பது என்று திருத்தி வாசிக்கவும், தவறுக்கு வருந்துகிறோம்.

மாலையில் மண்டபத்து மாடிப்படி வழியாக இறங்கி வந்தார்கள். சட்டை மடிப்புக் கலையவில்லை, தலையில் ஒரு நரை இல்லை. பதினான்கு பேர் வந்தார்கள். மூன்று பேர் வரவில்லை. அவர்கள் எண்ணுக்கு அடித்தால் அப்படி ஓர் எண்ணே இல்லை என்றது. கைக்குழந்தைக்காரர் அந்த மூவரில் ஒருவர். அவர் மனைவி கடைசி ஆள் இறங்கும்வரை நின்றாள். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். கடிதக்காரியை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

வந்தவர்களைச் சேர்த்துக்கொள்ள இடமில்லை. அவர்கள் கற்றதெல்லாம் வழக்கொழிந்து போயிருந்தது. ஆறு வருடம் எங்கே இருந்தாய் என்று நேர்காணலில் கேட்டார்கள். கூட்டத்தில் இருந்தேன் என்று தம்பி உள்ளதைச் சொன்னான். மனம் கேட்காமல், அக்கா மாதக் கூட்டமொன்றில் அவனுக்கு அரை மணி நேரம் வாங்கிக் கொடுத்தாள். கேட்டவர்கள் எட்டுப் பேர். முடிந்ததும் ஒரு பெண் மரியாதையாகக் கையை உயர்த்தி, இதெல்லாம் எதற்குப் பயன்பட்டது என்று கேட்டாள். தம்பி விளக்கமாகப் பதில் சொன்னான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

சில மாதம் கழித்து, "இன்னொரு தேதி போடுக்கா," என்றான். "அங்க நான் அடுத்துப் பேசப்போற ஆளு. இங்க நான் யாரு?"

"அந்த மூணு பேர நெனச்சுப் பாருடா."

"நெனச்சுப் பாத்துதான் கேக்கறேன்."

அவள் முடியாது என்றாள். அதே வாரம் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். அவர்களோடு, எங்கும் போகாமல் இங்கேயே இருந்து வேலை இழந்தவர்களும் வந்தார்கள். தை மாதக் குளிரில் வாசலில் நின்று கேட்டார்கள். ஊரின் பெரிய நிறுவனம் பாதிப் பேரை வேலையைவிட்டு அனுப்பிய வாரம், வெள்ளிக்கிழமைக் கடிதத்தில் மற்ற அறிவிப்புகளுக்கு நடுவே அதையும் போட்டாள்: பிப்ரவரி முப்பது, மாலை ஆறு மணி, மாடி அறை, டீ உண்டு, தேதி சரிபார்க்கப்பட்டது, திருத்தம் வராது.

பிப்ரவரி இருபத்தெட்டு மத்தியானம் காவலாளி பக்கத்து அறை நாற்காலிகளையும் தூக்கி வந்து வரிசையாகப் போட்டார். வருவதாகச் சொன்னவர்களுக்கு அவையும் போதவில்லை.